பெயர் திறந்த கதவு

குருபோங் தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில், டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ஷாந்தினி வேலை பார்த்த நிறுவனம். கதவுகளுக்கு மின்பூட்டுப் பெட்டி செய்து விற்பார்கள். அட்டையைப் பெட்டியில் தொட்டால், அனுமதி உள்ளவருக்குப் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். இல்லாதவருக்குச் சிவப்பு எரியும். யார் எப்போது உள்ளே போனார் என்பதும் பதிவாகும். பெட்டிக்குள் ஓடும் நிரலை சி மொழியில் எழுதுபவன் கவிநேசன். அவன் எழுதியதில் எங்கே ஓட்டை இருக்கிறது, எந்த வரியின் வழியே திருடன் நுழையலாம் என்று சோதனைக் கருவியை ஓடவிட்டுப் பார்த்துச் சொல்வது ஷாந்தினியின் வேலை.

யாருக்கும் பிடிக்காத வேலை. கருவி ஒரு தடவை ஓடினால் நூற்றுக்கணக்கில் எச்சரிக்கைகளைக் கக்கும். பாதிக்கு மேல் வெற்றுக் கூச்சல். அதை எல்லாம் உட்கார்ந்து படித்து, நிஜமான ஆபத்தைப் பிரித்தெடுத்துச் சிவப்புக் கோடு போட்டுக் கொடுப்பாள். அவள் தாள்களோடு வருவதைப் பார்த்தாலே கவிநேசன், "வந்துட்டாங்கடா மாமியா" என்று பக்கத்து மேசையிடம் சொல்லிச் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும், வேலை நடந்தால் சரி என்று ஷாந்தினி விட்டுவிடுவாள். பாச்சாங்கில் வாடகை வீடு, தங்கையின் படிப்பு, ஓடுகிற ஒரு பழைய காடி. அவளுக்குச் சண்டை போட நேரமும் இல்லை, ஆசையும் இல்லை.

அப்படிப்பட்டவளை ஒரு வெள்ளிக்கிழமை காலை முதலாளி கணேஸ்வரன் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உட்காரும்மா. சின்ன வேலைதான். ஒரு கையெழுத்து."

மேசைமேல் ஒரு கடிதம். இரண்டு தெரு தள்ளியிருந்த மின்சாதனத் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அங்கே எல்லாக் கதவிலும் இவர்கள் பெட்டிதான். ஸ்டோர் அறையில் செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போயிருக்கின்றன. ஸ்டோருக்குள் போக அனுமதியே இல்லாத துப்புரவுத் தொழிலாளி ஒருத்தி தினமும் அந்தக் கதவைத் திறந்ததாகப் பெட்டியில் பதிவு இருக்கிறது. அவளை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். போலீசிலும் சொல்லியாகிவிட்டது. அவளோ, கதவு தானாகத் திறந்தது என்று சாதிக்கிறாள். பெட்டி தவறு செய்யாது என்று நிறுவனம் எழுத்தில் உறுதி தர வேண்டும். அந்த உறுதிக் கடிதத்தையும் கணேஸ்வரன் தட்டெழுதிப் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

"செக் பண்ற ஆளு நீதானே. நீ போட்டாத்தான் எடுபடும்" என்றார் கணேஸ்வரன்.

பேனாவை எடுத்த ஷாந்தினி, கடிதத்தில் அந்தப் பெண்ணின் பெயரைப் பார்த்தாள். நிர்மலாதேவி அ/பெ வீரமுத்து, அதாவது வீரமுத்துவின் மகள், ஊர் பெம்பான். அடையாள அட்டையில் உள்ளபடி ஆங்கில எழுத்தில், முழுசாக.

பேனா நின்றுவிட்டது. ஆட்காட்டி விரலால் மேசைக் கண்ணாடியில் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டு போனாள். வீரமுத்துவின் கடைசி இரண்டு எழுத்து மிஞ்சியது.

"என்னம்மா?"

"ஒண்ணு பார்த்துட்டு வந்து போடறேன் பாஸ்" என்று எழுந்துவிட்டாள்.

அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. போன வருஷம், அந்தத் தொழிற்சாலைக்குப் பெட்டிகளை அனுப்புவதற்கு முன், கருவி ஒரு வரியைப் பிடித்துக் கொடுத்தது. அட்டையில் உள்ள பெயரை நினைவகத்தில் ஒரு சிறிய இடத்துக்கு நகலெடுக்கும் வரி. இடத்தின் அளவு இருபத்துநான்கு. வருகிற பெயர் எவ்வளவு நீளம் என்று அந்த வரி பார்ப்பதே இல்லை. நீளமான பெயர் வந்தால் மிச்ச எழுத்து வழிந்து பக்கத்து இடத்தில் விழும். பக்கத்து இடத்தில்தான் இந்த ஆளை உள்ளே விடலாமா என்கிற விடை இருந்தது. பூஜ்யம் என்றால் விடாதே, வேறு எது இருந்தாலும் விடு. சிவப்புக் கோடு போட்டுப் பக்கத்தின் தலையிலேயே வைத்தாள், கணேஸ்வரனிடமும் ஒரு பிரதி கொடுத்தாள். கவிநேசன் தலையாட்டினான். அடுத்த முறை கருவியை ஓட்டியபோது அந்த எச்சரிக்கை இல்லை. சரி செய்துவிட்டான் என்று அவள் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

இப்போது கருவியை நம்பாமல் நிரலையே திறந்தாள். தேடினாள். அந்த வரி அப்படியே இருந்தது, ஒரு புள்ளிகூட மாறாமல். அதற்கு மேலே புதிதாக ஒரு குறிப்பு. 'சோதித்தாயிற்று. ஆபத்தில்லை. எச்சரிக்க வேண்டாம். ஷாந்தினி.'

அந்தக் குறிப்பைக் கண்டால் கருவி வாயை மூடிக்கொள்ளும். அதன் அமைப்பு அப்படி. ஆனால் அந்தக் குறிப்பை ஷாந்தினி எழுதவில்லை.

காது மடல் வரைக்கும் சூடு ஏறியது அவளுக்கு. எழுந்து போய் கவிநேசனின் காதிலிருந்த ஒலிக்கருவியைப் பிடுங்கி மேசையில் போட்டாள்.

"என் பேரைப் போட்டது யாரு?"

அவன் திரையை எட்டிப் பார்த்தான். எதைப் பற்றிக் கேட்கிறாள் என்று புரிந்ததும் முகம் வெளுத்தது. "பாஸ்தான் சொன்னாரு லா. கஸ்டமருக்கு ரிப்போட் காட்டணும், அதுல சிவப்பு எதுவும் இருக்கக் கூடாதுன்னாரு. அத மாத்தினா எல்லாக் கதவையும் மறுபடி டெஸ்ட் பண்ணணும். டைம் இல்ல."

"அதுக்கு என் பேரா?"

"உங்க பேரு இருந்தாத்தானே ஒத்துக்குவாங்க…"

"ஒரு பொம்பளைய திருடின்னு வெரட்டிட்டாங்கடா, உன்னோட இந்த ஒரு வரியால!"

மாடி முழுக்கக் கேட்டது. டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம்கூட ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. கவிநேசன் எதையோ சொல்ல வாயெடுத்தான். அவள் நிற்கவில்லை. கணேஸ்வரனின் அறைக்குக் கதவைத் தட்டாமலே போனாள்.

அவள் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார். இடையில் ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் முடித்ததும், "சரி, பேரச் சுருக்கிப் போடச் சொல்லிரலாம். என். வீரமுத்துன்னு போட்டா முடிஞ்சுது. மலாய்க்காரங்க பேர்ல மகள்ங்கறதுக்குப் பிந்தின்னு வர்றத அந்த எச்ஆர் புள்ளைங்க சுருக்கித்தானே போடுதுங்க?" என்றார்.

"பேரச் சுருக்கறதா? அவங்களுக்கு வேலையே போச்சு பாஸ். போலீஸ் வரைக்கும் போயிருக்கு."

"அவ எடுக்கலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எடுத்தாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. உள்ள போனாங்கன்னு நம்ம பெட்டி சொல்றதுக்கு மதிப்பே இல்ல, அது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

கணேஸ்வரன் எழுந்து கதவைச் சாத்தினார். "இங்க பாரும்மா. நானும் எஸ்டேட்லேர்ந்து வந்தவன்தான். தமிழ்ப்பள்ளியில படிச்சு, கடன வாங்கி, கைய ஊனி எழுந்து வந்திருக்கேன். இந்தப் பேட்டையில நம்ம பிள்ளைங்களக் கூப்பிட்டு வேலை குடுக்கற கம்பெனி வேற எது சொல்லு? அந்தப் பெட்டியெல்லாம் திரும்பி வந்தா கடைய மூட வேண்டியதுதான். நம்ம ஆளுங்களுக்குத்தானே நஷ்டம்?"

"அந்த அம்மா யாரு பாஸ்? அவங்க நம்ம ஆளு இல்லையா?"

அவர் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீ போட வேணாம். கவி போடுவான். திங்கக்கிழமை நானே கொண்டு போய்க் குடுத்துக்கறேன்."

சனிக்கிழமை காலை ஷாந்தினி பெம்பானுக்குக் காடியை விட்டாள். கோயிலுக்குப் பக்கத்து மளிகைக் கடையில் நிர்மலாதேவியின் வீட்டைக் கேட்டாள். கடைக்காரர் வெங்காயத்தை நிறுத்துக்கொண்டே, "அந்தத் திருட்டுக் கேஸா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொன்னார். ஷாந்தினிக்கு அவர் தராசைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது.

வீடு பலகையும் சிமெண்டும் பாதிப்பாதியாகக் கட்டியது. வாசலில் நாற்பத்தைந்து வயது இருக்கும் ஒருத்தி, கயிற்றில் தொங்கிய மெத்தை விரிப்பைக் கம்பால் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டின வேகத்தைப் பார்த்தால் அது தூசிக்காகத் தட்டியது மாதிரி தெரியவில்லை.

"நிர்மலாதேவி அக்காவா? நான் குருபோங்ல, அந்தக் கதவுப் பெட்டி செய்யற கம்பெனிலேர்ந்து வர்றேன்."

கம்பு நின்றது. "என்னத் திருடின்னு சொன்ன பெட்டியா?"

"ஆமாக்கா. அது தப்பா சொல்லுது. அதச் சொல்லத்தான் வந்தேன்."

உள்ளே கூப்பிடவில்லை. நின்றபடியே பேசினார்கள். காரிடார் கழுவி முடித்ததும் அந்தப் பெட்டியில் அட்டையைத் தொட வேண்டும், கழுவியாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று நிர்மலாதேவி சொன்னாள். தொட்டால் சிவப்புதான் எரிய வேண்டும். அவளுக்கு மட்டும் பச்சை எரிந்தது, கதவு திறந்தது.

"மொத நாளே மணியத்துக்கிட்ட சொன்னேன். அவன்தான் எங்க சுப்பர்வைசர். அண்ணே, நான் கார்டத் தொட்டா ஸ்டோர்க் கதவு தொறந்துக்குதுன்னேன். தொறந்தா சாத்திட்டுப் போ, உனக்கென்னன்னான். நானும் தெனம் சாத்திட்டுப் போனேன். ஒரு காலு உள்ள வச்சதில்ல. கம்பி காணோம்னதும் அதே மணியம் என்ன கெண்டீன் நடுவுல நிக்க வச்சான். பையக் கீழ கொட்டினான். என் சோத்து டப்பாவத் தொறந்து, உள்ள கைய விட்டுக் கெளறிப் பார்த்தான். நூறு பேரு பார்த்துக்கிட்டு நின்னாங்க."

ஷாந்தினி பெட்டியின் கோளாறைச் சொன்னாள். "உங்க பேர வாங்கி வைக்கற எடம் சின்னதுக்கா. உங்க பேரு அதுக்குள்ள அடங்கல. மிச்ச எழுத்து பக்கத்துல விழுந்துருது. அந்தப் பக்கத்து எடத்துல எது விழுந்தாலும் கதவு தொறந்துக்கும்."

"என் அப்பா பேரு நீளம்னு கதவு தொறந்துச்சா?"

"ஆமா."

நிர்மலாதேவி கம்பைத் தரையில் ஊன்றினாள். "நீ இத எப்பக் கண்டுபிடிச்ச?"

பொய் சொல்லியிருக்கலாம். ஷாந்தினிக்கு வரவில்லை. "போன வருஷம்."

"போன வருஷமே தெரியும்."

"எழுதிக் குடுத்தேன்க்கா. சரி பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன்."

"நெனச்ச." கம்பை வீசி எறிந்தாள். அது வேலியில் மோதி விழுந்தது. "நான் மணியத்துக்கிட்ட சொன்னேன். நீ உன் பாஸ்கிட்ட சொன்ன. ரெண்டு பேரும் சொல்லிட்டு வேலையப் பார்க்கப் போயிட்டோம். ஆனா கீழ கொட்டினது என் பையத்தான். உன் பைய யாரும் கொட்டல."

ஷாந்தினிக்குச் சுருக்கென்றது. கோபித்துக்கொள்ளக்கூட இடமில்லாத பேச்சு.

"இப்ப என் வாசல்ல வந்து இதச் சொல்லி என்ன ஆகப் போவுது? கடைக்காரனுக்குத் தெரியுமா? மணியத்துக்குத் தெரியுமா? அங்க வந்து சொல்லு. நானும் வர்றேன்."

"திங்கக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்க்கா."

"வரலேன்னா நான் உங்க கம்பெனிக்கு வருவேன், பார்த்துக்கோ."

திங்கட்கிழமை அவர்கள் தொழிற்சாலை அலுவலகத்துக்குள் நுழைந்தபோது கணேஸ்வரன் ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருந்தார். எதிரே மனிதவள மேலாளர் புவான் நோர்ஹஸ்லிண்டா; புவான் என்றால் மலாயில் அம்மையார். மேசைமேல் கவிநேசன் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம். ஷாந்தினியைக் கண்டதும் கணேஸ்வரன் பாதி எழுந்தார். பின்னால் வந்த நிர்மலாதேவியைக் கண்டதும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"இவருக்கு உள்ளே வர அனுமதி இல்லை" என்றார் புவான் மலாயில், நிர்மலாதேவியைக் காட்டி.

"உங்கள் பெட்டி இவருக்கு அனுமதி கொடுக்கிறது. அதைக் காட்டத்தான் கூட்டி வந்தேன்" என்று மலாயிலேயே பதில் சொன்னாள் ஷாந்தினி. "ஒரு புது அட்டை கொடுங்கள். உங்கள் இயந்திரத்தில், உங்கள் ஆளே பெயரைப் பதியட்டும். அனுமதி எதுவும் போட வேண்டாம்."

"ஷாந்தினி, வீட்டுக்குப் போம்மா. நாம அப்புறம் பேசிக்கலாம்" என்றார் கணேஸ்வரன் தமிழில், தணிந்த குரலில்.

"பேசியாச்சு பாஸ்."

புவானுக்குத் தமிழ் புரியாது. ஆனால் கணேஸ்வரனின் முகம் புரிந்திருக்க வேண்டும். அலமாரியிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்து எழுத்தரிடம் கொடுத்தார்.

ஸ்டோர்க் கதவுக்கு முன் எல்லோரும் போய் நின்றார்கள். முதலில் அட்டையில் 'தேவி' என்று மட்டும் பதிந்து தொட்டார்கள். சிவப்பு. அதே அட்டையில் நிர்மலாதேவியின் முழுப் பெயரைப் பதிந்து தொட்டார்கள். பச்சை எரிந்தது. பூட்டு 'டக்' என்று விட்டுக்கொண்டது. கதவு இரண்டு விரற்கடை திறந்து நின்றது.

நிர்மலாதேவி கையை ஓங்கிக் கதவில் அறைந்து சாத்தினாள். "இப்படித்தான் சாத்திட்டுப் போனேன், தெனமும்."

புவான் எழுத்தரிடம், "என் பெயரைப் போடு. சுருக்காதே. பிந்தியோடு, அப்பா பெயரோடு, அடையாள அட்டையில் இருக்கிறபடி" என்றார். நோர்ஹஸ்லிண்டா பிந்தி அப்துல் கரீம். அனுமதி இல்லாத அட்டை. பச்சை.

அவர் கணேஸ்வரன் பக்கம் திரும்பினார். கையிலிருந்த உறுதிக் கடிதத்தை நான்காக மடித்து அவரிடமே கொடுத்தார்.

அறைக்குத் திரும்பியதும் புவான் நிர்மலாதேவியிடம் வருத்தம் தெரிவித்தார். போலீசுக்குத் தாமே எழுதுவதாகச் சொன்னார். வேலையைத் திரும்பத் தருவதாகவும், பெட்டியின் கோளாறு என்று விளக்கிக் கடிதம் தருவதாகவும் சொன்னார். ஷாந்தினி அதைத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். நிர்மலாதேவி கையைக் காட்டி நிறுத்தினாள். அவளுக்கு மலாய் நன்றாகவே தெரியும்.

"பையை எல்லார் முன்னாலும் கொட்டினீர்கள். மன்னிப்பை மட்டும் உறைக்குள் போட்டு ஒட்டித் தருவீர்களா?" என்றாள் மலாயில். "மணியம் அதே கெண்டீனில், அதே இடத்தில் நின்று சொல்லட்டும். அப்புறம் வேலையைப் பற்றிப் பேசலாம்."

சாப்பாட்டு நேரத்தில் அது நடந்தது. கெண்டீன் நிறைந்திருந்தது. மணியம் வியர்த்த முகத்தோடு வந்து நின்று, நிர்மலாதேவி எதையும் எடுக்கவில்லை, தப்பு பெட்டியுடையது என்று தன் சட்டைப் பொத்தானைப் பார்த்து முணுமுணுத்தார்.

"கேக்கல" என்றாள் நிர்மலாதேவி.

மறுபடி சொன்னார்.

"அங்க பின்னால உக்காந்திருக்கறவங்களுக்குக் கேக்கல. பையக் கொட்டுனப்ப சத்தம் நல்லா வந்துச்சே? அப்பறம், மொத நாளே நான் உங்கிட்ட சொன்னேனா இல்லையா, அதையும் சேத்துச் சொல்லு."

மணியம் சொன்னார். இந்த முறை சோற்றுத் தட்டுகள் எல்லாம் அசையாமல் இருந்தன. நிர்மலாதேவி அவர் முடிக்கும்வரை நின்று கேட்டாள். பிறகு புவானிடம் போய், வேலை தனக்கு வேண்டாம் என்றாள். "இந்தத் தரையை இனி என்னால் கழுவ முடியாது."

வாகன நிறுத்தத்தில் கணேஸ்வரன் காத்திருந்தார். ஒரே காலையில் பத்து வயது கூடினவர் மாதிரி இருந்தார். "ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்மா."

"சொன்னேன் பாஸ்! போன வருஷம் சொன்னேன். வெள்ளிக்கிழமை சொன்னேன். இன்னும் எத்தன தடவ சொல்லணும்?" கதவைத் திறந்து நிர்மலாதேவியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பெம்பானில் இறங்கும்போது நிர்மலாதேவி நன்றி சொல்லவில்லை. ஷாந்தினியும் எதிர்பார்க்கவில்லை.

அன்று மாலையே கவிநேசன் அந்த வரியை மாற்றினான். அளவு பார்த்து நகலெடுக்கும்படி இரண்டு சொல் சேர்த்தான், அவ்வளவுதான். மேசையில் வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நடந்த எல்லாவற்றையும்விட ஷாந்தினிக்கு ஆத்திரமூட்டியது அதுதான். இதற்குத்தானா நேரமில்லை என்றார்கள்!

அவள் அதோடு விடவில்லை. நிரல் முழுவதிலும் தன் பெயரைத் தேடினாள். அவள் எழுதாத குறிப்புகள் வேறு வரிகளிலும் இருந்தன. எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கருவியை ஓட்டினாள். திரை சிவந்து நிரம்பியது. அதை அப்படியே கணேஸ்வரன் முன் கொண்டு போய் வைத்து, "பெட்டி வாங்கின எல்லாருக்கும் நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்றாள்.

அவர் கத்தினார். மேசையைத் தட்டினார். நன்றி கெட்டவள் என்றார். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எல்லோருக்கும் தாமே எழுதினார். சிலர் பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். சிலர் சரி செய்து தரக் கேட்டுக் காத்திருந்தார்கள். கடை மூடவில்லை. ஆனால் அந்த வருஷம் தீபாவளிக்கு யாருக்கும் போனஸ் இல்லை. அதற்கு எல்லோரும் ஷாந்தினியைத்தான் குறை சொன்னார்கள், அவள் காதில் விழும்படியாகவே. கவிநேசன் மட்டும் சொல்லவில்லை. மாமியார் என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டான். அவள் அவனை மன்னிக்கவில்லை, ஆனால் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சிவப்பு வரியையும் அவனோடு சேர்ந்து சரி செய்தாள்.

மழைக்காலம் தொடங்கியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாசின் பாசாரில் நிர்மலாதேவியைப் பார்த்தாள். ஒரு பாலர் பள்ளியில் சமையல் வேலை கிடைத்திருக்கிறதாம். கையில் பெரிய கூடை, மீன்கடைக்காரனோடு பேரம்.

"அந்தப் பெட்டிய இன்னும் செய்யறீங்களா?" என்று கேட்டாள்.

"செய்யறோம்க்கா."

"ஒழுங்கா செய்ங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி, கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, இது நேற்றைய மீன் என்று கடைக்காரனை ஒரு பிடி பிடித்தாள்.